கரும்பு ஒதுக்கீட்டுப் பகுதி

கரும்பு ஒதுக்கீட்டுப் பகுதி என்பது, ஒரு குறிப்பிட்ட சர்க்கரை ஆலையின் கரும்புத் தேவைக்கென அரசு ஆணையால் வரையறுத்து அளிக்கப்படும் நிலப்பரப்பு ஆகும். இப்பகுதிக்குள் விளைந்து ஆலையில் பதிவு செய்யப்பட்ட கரும்பை அந்த ஆலையே கொள்முதல் செய்யும். அனுமதியின்றி அக்கரும்பை வேறு ஆலைக்குக் கொண்டு செல்ல இயலாது. இந்தியாவில் இம்முறை 1966 ஆம் ஆண்டின் கரும்பு (கட்டுப்பாட்டு) ஆணையின் கீழும், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் தனிச் சட்டங்களின் கீழும் நடைமுறைக்கு வந்தது.

ஒதுக்கீட்டுப் பகுதி ஆலைக்குச் சொந்தமான உடைமை அன்று. கடமைகளோடு பிணைந்த, அரசால் மாற்றத்தக்க ஒரு தனியுரிமையே ஆகும். பகுதி மறு ஒதுக்கீடு செய்யப்படுதல், புதிய ஆலை தோன்றுதல், உழவர்கள் வேறு பயிருக்கு மாறுதல், ஆலை மூடப்படுதல் ஆகியவற்றால் ஓர் ஆலை இவ்வுரிமையை முழுமையாகவோ பகுதியாகவோ இழக்கக்கூடும். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் அமைந்துள்ள பொதுத்துறைச் சர்க்கரை ஆலை, இம்முறையின் இயல்பையும் எல்லைகளையும் விளங்கிக்கொள்ள உதவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

தேவைக்கான காரணங்கள்

நெல், பருத்தி, மக்காச்சோளம் போன்றவற்றை உலர்த்திச் சேமித்து, விலை ஏறும்போது விற்கலாம். கரும்பை அவ்வாறு வைத்திருக்க முடியாது. வெட்டிய பின் நேரம் செல்லச் செல்லக் கரும்பிலுள்ள சுக்குரோசு சிதைந்து, படிகமாகாத எளிய சர்க்கரைகளாக மாறுகிறது, எடையும் குறைகிறது. எனவே வெட்டிய 24 மணி நேரத்திற்குள் அரைப்பதே சிறந்ததாகக் கருதப்படுகிறது. மேலும், 10 டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 1 டன் சர்க்கரையே கிடைப்பதால், தொலைவிலிருந்து கரும்பைக் கொண்டு வருவது செலவு மிகுந்த செயலாகும்.

ஆலையின் நிலையும் இத்தகையதே. நாள் ஒன்றுக்கு 3,000 டன் அரைக்கும் ஆலை, பருவத்திற்கு 150 நாட்கள் முழுத் திறனுடன் இயங்க வேண்டுமெனில் அதற்கு 4,50,000 டன் கரும்பு தேவைப்படும். ஏக்கருக்கு 40 டன் விளைச்சல் எனக் கொண்டால், ஆண்டுதோறும் சுமார் 11,250 ஏக்கரில் வெட்டுக்குரிய கரும்பு நின்றாக வேண்டும். கரும்பு குறைந்தால் ஆலை குறைந்த நாட்களே இயங்கும். ஆனால் வட்டி, ஊதியம், பராமரிப்பு ஆகிய செலவுகள் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

இக்காரணங்களால், ஆலைக்குக் கரும்பும் உழவருக்கு நிலையான கொள்முதலும் உறுதி செய்யும் ஏற்பாடாக ஒதுக்கீட்டு முறை உருவானது.

வரலாறு

1932 ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு அளிக்கப்பட்டதைத் தொடர்ந்து, இந்தியாவில் சர்க்கரை ஆலைகள் விரைவாகப் பெருகின. சுமார் 30 ஆக இருந்த ஆலைகளின் எண்ணிக்கை, சில ஆண்டுகளுக்குள் 130 ஐக் கடந்தது. ஆலைகளுக்கிடையே கரும்புக்கான போட்டியும், இடைத்தரகர்களால் உழவர்கள் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்ததும் அரசின் தலையீட்டுக்கு வழிவகுத்தன. 1934 ஆம் ஆண்டின் கரும்புச் சட்டம், கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கவும் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

விடுதலைக்குப் பின், உத்தரப் பிரதேசம் 1953 ஆம் ஆண்டில் கரும்பு வழங்கல், கொள்முதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ்க் கரும்பு ஆணையர் ஒவ்வோர் ஆலைக்கும் பகுதிகளை ஒதுக்குகிறார். இதனை எதிர்த்துக் கரும்பு உழவர்கள் தொடுத்த டிகா ராம்ஜி வழக்கில், 1956 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விரும்பியவருக்கு விற்கும் உரிமை பறிக்கப்படுகிறது என்பது உழவர்களின் வாதங்களுள் ஒன்றாகும்.

இந்தியா முழுமைக்குமான கரும்பு (கட்டுப்பாட்டு) ஆணை, 1955 ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் 1966 இல் பிறப்பிக்கப்பட்டது.

சட்ட அடிப்படை

1966 ஆம் ஆண்டு ஆணையின் 6 ஆம் பிரிவு, கரும்பின் பகிர்வையும் போக்குவரத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. அப்பிரிவு அளிக்கும் முதன்மையான அதிகாரங்கள் பின்வருமாறு:

- ஆலையின் அரவைத் திறன், பகுதியில் கிடைக்கும் கரும்பு, சர்க்கரை உற்பத்தியின் தேவை ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு ஒரு பகுதியை ஆலைக்கு ஒதுக்குதல்.
- ஆண்டு ஒன்றுக்கு ஆலைக்குத் தேவைப்படும் கரும்பின் அளவைத் தீர்மானித்தல்.
- ஒதுக்கீட்டுப் பகுதியிலுள்ள உழவர் ஆலைக்கு வழங்க வேண்டிய அளவை அல்லது விழுக்காட்டை நிர்ணயித்தல்.
- அந்த அளவுக்கு உழவரும் ஆலையும் ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு பணித்தல்.
- அனுமதிச் சீட்டின்றிக் கரும்பு பகுதியை விட்டு வெளியேறுவதைத் தடுத்தல்.
- வெல்லம், கண்டசாரிச் சர்க்கரை ஆகியவற்றின் உற்பத்தியை உரிமத்தின் கீழ்க் கொண்டு வருதல்.

இவ்விதிகள் இரு தரப்பினரையும் கட்டுப்படுத்துவன. உழவர் வழங்கக் கடமைப்பட்டவர். ஆலை வாங்கக் கடமைப்பட்டது. 3 ஆம் பிரிவின்படி, கரும்பு ஒப்படைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் ஆலை பணம் செலுத்த வேண்டும். தவறினால், தாமதமான காலத்திற்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.

நடைமுறையில், உழவர் தம் கரும்பை ஆலையின் கோட்ட அலுவலகத்தில் பதிவு செய்கிறார். பயிரின் வயதையும் அரவைத் திட்டத்தையும் பொறுத்து ஆலை வெட்டு உத்தரவு வழங்குகிறது. அவ்வுத்தரவு கிடைத்த பின்னரே கரும்பு வெட்டப்பட்டு ஆலைக்கு அனுப்பப்படுகிறது.

ஆலைகளுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளி

1998 ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலுக்குக் கட்டாயத் தொழில் உரிமம் பெறும் முறை நீக்கப்பட்டது. இருப்பினும் ஆலைகளுக்கிடையே 15 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்தது. 2006 நவம்பரில் செய்யப்பட்ட திருத்தம் இதனைக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே 6A என்ற பிரிவாகச் சேர்த்தது. மாநில அரசுகள், நடுவண் அரசின் முன் ஒப்புதலுடன் இதைவிடக் கூடுதலான தொலைவை நிர்ணயிக்கலாம். மகாராட்டிரம் 25 கிலோமீட்டர் தொலைவைக் கடைப்பிடித்தது.

இதே திருத்தம், ஆலை கட்டாமலேயே இடத்தை மறித்து வைத்திருப்பதையும் தடுத்தது. புதிய ஆலை அமைக்க முன்வருபவர் 1 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும். 2 ஆண்டுகளுக்குள் உறுதியான நடவடிக்கைகளை எடுத்து, 4 ஆண்டுகளுக்குள் உற்பத்தியைத் தொடங்க வேண்டும் என்று அது விதித்தது. தவறினால் அவருடைய தொழில் முனைவோர் குறிப்பாணை ஏற்பிழந்து, உத்தரவாதத் தொகையும் பறிமுதலாகும். ஓஜாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2007 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

15 கிலோமீட்டர் இடைவெளி மட்டுமே ஓர் ஆலைக்குப் போதிய கரும்பை உறுதி செய்வதில்லை என்பதை எளிய கணக்கால் அறியலாம். இரு ஆலைகள் சரியாக 15 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், ஒவ்வொன்றையும் சுற்றி 7.5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டமே தனிப்பட்ட பரப்பாக எஞ்சும். இதன் பரப்பளவு சுமார் 177 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 43,700 ஏக்கர். வீடு, சாலை, ஏரி, தரிசு அனைத்தும் இதில் அடங்கும். மேலே கூறிய 11,250 ஏக்கர் கரும்பு கிடைக்க, இப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கரும்பாகவே இருக்க வேண்டும். கால்வாய்ப் பாசனம் மிகுந்த பகுதிகளில் இது இயலக்கூடும். கிணற்றுப் பாசனத்தையும் மழையையும் நம்பியிருக்கும் பெரம்பலூர் போன்ற பகுதிகளில் இது கடினம். எனவே இத்தகைய இடங்களில் ஆலைகள் தொலைவிலுள்ள ஊர்களையும் நம்பியிருக்க வேண்டியுள்ளது.

எறையூர் சர்க்கரை ஆலை

எறையூரிலுள்ள பெரம்பலூர் சர்க்கரை ஆலை, 1974 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசால் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் துணை நிறுவனமாகும். 1970களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட இவ்வாலையின் அரவைத் திறன் நாளொன்றுக்கு 3,000 டன் ஆகும். தஞ்சாவூரை அடுத்த குருங்குளத்திலுள்ள அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை இக்கழகத்தின் மற்றோர் ஆலையாகும்.

ஆலை அமைந்த காலத்தில் இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995 இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அதிலிருந்து அரியலூர் 2001 இல் பிரிக்கப்பட்டு, 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 இல் நிலையாகத் தனி மாவட்டமானது. வருவாய் எல்லைகள் இவ்வாறு மாறினாலும், கரும்பு ஒதுக்கீடு அவற்றைப் பின்பற்றுவதில்லை. ஆலைக்கு வந்து சேரும் தொலைவு, பாசனம், அண்டை ஆலைகளின் தேவை ஆகியவற்றையே சார்ந்தது.

பின்னாளில் இவ்வட்டாரத்தில் தனியார் ஆலைகளும் தோன்றின. பெரம்பலூர் மாவட்டம் உடும்பியத்தில் தனலட்சுமி சீனிவாசன் சர்க்கரை ஆலையும், அரியலூர் மாவட்டம் சாத்தமங்கலத்தில் கோத்தாரி நிறுவனத்தின் ஆலையும் உள்ளன. கோத்தாரி நிறுவனத்திற்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் காட்டூரிலும் ஓர் ஆலை உண்டு. ஆலைகள் கூடினாலும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பு கூடவில்லை. ஒரே வட்டாரத்தின் கரும்பு பல ஆலைகளுக்குப் பிரிய வேண்டியதாயிற்று.

மேலும், பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றின் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. கரும்பு வெட்டுக்கு வர 10 முதல் 12 மாதங்கள் ஆகும். மக்காச்சோளம் நான்கு மாதங்களுக்குள் பணமாகிவிடும், நீர்த்தேவையும் குறைவு. ஆதலால் இவ்வட்டாரத்தில் ஓர் ஆலைக்கு அண்டை ஆலைகளைப் போலவே மக்காச்சோளமும் போட்டியாளராக உள்ளது.

தனியுரிமை இழக்கப்படும் வழிகள்

மறு ஒதுக்கீடு

ஒதுக்கீடு ஆலையின் திறனையும் கரும்பின் இருப்பையும் கருதிச் செய்யப்படுவதால், அவை மாறும்போது ஒதுக்கீடும் மாற்றப்படலாம். உத்தரப் பிரதேசத்தில் ஒவ்வொரு பருவத்திற்கும் புதிதாக ஒதுக்கீட்டு ஆணைகள் வெளியிடப்படுகின்றன. உழவர்களுக்குப் பெருமளவு நிலுவை வைத்த ஆலைகளின் கொள்முதல் மையங்கள் அங்கு வேறு ஆலைகளுக்கு மாற்றப்பட்டதுண்டு. இது உரிமையும் கடமையும் பிரிக்க இயலாதவை என்ற கொள்கையின் நேரடி விளைவாகும்.

புதிய ஆலை

குறைந்தபட்சத் தொலைவுக்கு அப்பால் அமையும் புதிய ஆலைக்கும் பகுதி ஒதுக்க வேண்டியிருப்பதால், பழைய ஆலையின் பகுதியிலிருந்து சில ஊர்கள் பிரிக்கப்படலாம். தொலைவு விதி ஆலை அமையும் இடத்தையே கட்டுப்படுத்துகிறது. பழைய ஆலையின் ஒதுக்கீட்டுப் பரப்பு குறையாது என்ற உறுதியை அது தருவதில்லை.

பயிர் மாற்றம்

ஒதுக்கீட்டுப் பகுதியில் இருப்பவர் கரும்பே பயிரிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிரிட்ட கரும்பை யாருக்கு வழங்குவது என்பதை மட்டுமே ஆணை கட்டுப்படுத்துகிறது. வறட்சி, தாமதமான பணம், உயரும் வெட்டுக்கூலி ஆகியவற்றால் உழவர்கள் கரும்பைக் கைவிட்டால், ஆலையின் பகுதி வரைபடத்தில் மாறாமல் இருந்தும் அரவைக்குக் கரும்பு இராது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரிலுள்ள தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, போதிய கரும்பின்றி 2019 ஆம் ஆண்டளவில் அரவையை நிறுத்தியது குறிப்பிடத்தக்கது.

பதிவின்றி வெளியேறும் கரும்பு

உடனடியாகப் பணம் தரும் வெல்ல உற்பத்தியாளர்களுக்கும், பிற ஆலைகளுக்கும் கரும்பு பதிவு செய்யப்படாமல் விற்கப்படுவதும் உண்டு. பணம் நிலுவையில் உள்ள ஆண்டுகளில் இதற்கான தூண்டுதல் மிகுகிறது.

ஆலை மூடப்படுதல்

ஆலை இயங்காவிடில், அதன் பகுதியில் பதிவான கரும்பு அண்டை ஆலைகளுக்குத் திருப்பப்படுகிறது. அப்போது போக்குவரத்துத் தொலைவு கூடுவதும் வெட்டு தாமதமாவதும் உழவரைப் பாதிக்கின்றன. ஆலை கைமாறும்போது பழைய நிலுவைகளும் சிக்கலாகின்றன. நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாகிப் பின்னர் வேறு நிறுவனத்தின் வசமான திருமண்டங்குடி சர்க்கரை ஆலையின் கரும்பு உழவர்கள், தங்கள் நிலுவைகளைக் கோரி 2022 இறுதியில் நீண்ட போராட்டத்தைத் தொடங்கினர்.

உழவர்களின் நிலை

ஒதுக்கீட்டு முறை உழவருக்கு நன்மையும் தீமையும் உடையது. விளைச்சல் மிகுந்த ஆண்டிலும் வாங்குவதற்கு ஓர் ஆலை உண்டு என்பது இதன் முதன்மை நன்மை. ஆலைகள் விதைக்கரணை, வங்கிக் கடன் ஏற்பாடு, பயிர் ஆலோசனை ஆகியவற்றை வழங்குவதற்கும் இவ்வுறுதியே அடிப்படை. தன் ஆலைக்கே கரும்பு வரும் என்ற நம்பிக்கை இல்லாவிடில் ஆலை இவற்றில் முதலிடத் தயங்கும்.

மறுபுறம், வாங்குபவர் ஒருவரே ஆகும்போது உழவரின் பேரம் பேசும் வலிமை குறைகிறது. வெட்டு உத்தரவு தாமதமானால் கரும்பு முற்றி, பூத்து, எடை குறைகிறது. அந்த இழப்பு உழவருடையது. பணம் தாமதமானாலும் அடுத்த பருவத்தில் வேறு ஆலையை நாட வழியில்லை. 15 விழுக்காடு வட்டி சட்டத்தில் இருந்தாலும், அதனைப் பெற உழவர்கள் பல நேரங்களில் நீதிமன்றங்களை நாட வேண்டியிருந்தது.

இதற்கு ஈடாகவே விலை நிர்ணயம் அரசின் கையில் உள்ளது. 2009 முதல் நடுவண் அரசு நியாயமான மற்றும் ஆதாய விலையை அறிவிக்கிறது. 2024-25 பருவத்திற்கு, சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் விழுக்காடு) 10.25 ஆக உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாயும், 9.5 அல்லது அதற்கும் குறைவாக உள்ள ஆலைகளுக்கு 315.10 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. அதே பருவத்திற்குத் தமிழ்நாடு அரசு டன்னுக்கு 349 ரூபாயைச் சிறப்பு ஊக்கத்தொகையாக அறிவித்தது. இரண்டும் சேர, கட்டுமானம் குறைந்த ஆலைகளின் உழவருக்கும் டன்னுக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய் கிடைக்கும்.

சீர்திருத்த முயற்சிகள்

சர்க்கரைத் தொழிலின் கட்டுப்பாடுகளை ஆராய 2012 இல் சி. இரங்கராஜன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை அளித்தது. ஒதுக்கீட்டு முறையைக் காலப்போக்கில் விலக்கி, ஆலைகளும் உழவர்களும் நீண்டகால ஒப்பந்தங்களைச் செய்துகொள்ள ஊக்குவிக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. ஒதுக்கீடு நீக்கப்படும் மாநிலங்களில் தொலைவு விதியும் தேவையற்றது என்று கருதியது. சர்க்கரை மற்றும் துணைப்பொருட்களின் வருவாயில் 70 விழுக்காட்டை உழவருக்கு அளிக்கும் வருவாய்ப் பங்கீட்டு முறையையும் முன்வைத்தது.

2013 இல் நடுவண் அரசு கட்டாயச் சர்க்கரைக் கொள்முதலைக் கைவிட்டது. கரும்பு ஒதுக்கீடு குறித்த முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. தமிழ்நாடு 2017-18 பருவம் முதல் மாநில அரசின் பரிந்துரை விலையைக் கைவிட்டு வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது. இதற்கான சட்டம் 2018 இல் இயற்றப்பட்டது.

மகாராட்டிரத்தில் ஒதுக்கீட்டு முறை 1990களிலேயே கைவிடப்பட்டது. அங்கு உழவர்கள் ஆலையைத் தேர்ந்தெடுக்க இயல்கிறது. கரும்பு குறைந்த ஆண்டுகளில் ஆலைகளிடையே போட்டி ஏற்பட்டு உழவர் பயனடைகிறார். மிகுந்த ஆண்டுகளில் வெட்டுக்காகக் காத்திருக்க நேர்கிறது.

கிளை உரிம ஒப்பந்தங்களுடன் ஒப்பீடு

வணிக உலகில் பிரான்சைஸ் எனப்படும் கிளை உரிம ஒப்பந்தங்களிலும் இதனையொத்த பகுதித் தனியுரிமை காணப்படுகிறது. ஒரு வட்டாரத்தில் பல கிளைகளைத் திறக்கும் உரிமையை ஒருவருக்கே அளிக்கும்போது, குறித்த காலத்திற்குள் குறித்த எண்ணிக்கையில் கிளைகளைத் திறக்க வேண்டும் என்ற அட்டவணையும் விதிக்கப்படுவது வழக்கம். அட்டவணை தவறினால், திறந்த கிளைகள் தொடர்ந்தாலும் பகுதித் தனியுரிமை நீங்கிவிடலாம். புதிய சர்க்கரை ஆலைக்கு விதிக்கப்படும் 2 ஆண்டு, 4 ஆண்டு காலக்கெடுக்கள் இதனை ஒத்தவை.

இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் உரிமம் பகுதிவாரியாகப் பிரிக்கப்பட்டது. மேற்கு, தெற்குப் பகுதிகள் ஹார்ட்கேஸில் நிறுவனத்திடமும், வடக்கு, கிழக்குப் பகுதிகள் விக்ரம் பக்சி பங்குதாரராக இருந்த கன்னாட் பிளாசா நிறுவனத்திடமும் இருந்தன. 2013 இல் தொடங்கிய பூசலின் தொடர்ச்சியாக, உரிமக் கட்டணம் செலுத்தாமை உள்ளிட்ட மீறல்களைக் காரணமாகக் கூறி, 2017 ஆகஸ்டில் 169 உணவகங்களுக்கான உரிமத்தை மெக்டொனால்ட்ஸ் முடிவுக்குக் கொண்டு வந்தது. 2019 இல் உடன்பாடு ஏற்பட்டு, பக்சியின் பங்குகளை மெக்டொனால்ட்ஸ் பெற்றுக்கொண்டது.

இரண்டிற்கும் முக்கியமான வேறுபாடுகள் உள்ளன:

- கிளை உரிமம் இரு தரப்பின் ஒப்பந்தத்தால் தோன்றுகிறது. கரும்பு ஒதுக்கீடு அரசாணையால் தோன்றுகிறது.
- கிளை உரிமம் விற்கும் தனியுரிமை. கரும்பு ஒதுக்கீடு வாங்கும் தனியுரிமை.
- உணவகத்தின் நுகர்வோர் பகுதி எல்லையைத் தாண்டிச் சென்று வாங்கலாம். பதிவு செய்த உழவர் தம் கரும்பை எல்லை தாண்டி விற்க இயலாது.
- கிளை உரிமம் இழந்தவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோர வழியுண்டு. பகுதியை இழந்த ஆலை அரசிடமோ நீதிமன்றத்திலோ ஒதுக்கீட்டு ஆணையின் நியாயத்தையே எதிர்க்க முடியும்.

மூன்றாவது வேறுபாடே கரும்பு ஒதுக்கீட்டில் உழவரின் நலனைப் பொதுப் பிரச்சினையாக்குகிறது. ஆலை தன் பகுதியை இழந்தால் அதன் இழப்பு கணக்கேட்டில் தெரியும். ஆலை கடமை தவறியும் பகுதியை இழக்காதிருந்தால், அந்த இழப்பை வயலில் நிற்கும் கரும்புக்கு உரியவர் ஏற்க நேர்கிறது.

இவற்றையும் பார்க்க

- கரும்பு
- சர்க்கரை ஆலை
- பெரம்பலூர் மாவட்டம்
- அரியலூர் மாவட்டம்
- இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 1955